முகம் தெரிந்தால் ஐம்பது

ஒரு சுருளில் பன்னிரண்டு கட்டம்.
காதுகுத்துக்கு ஒன்பது எடுத்துவிட்டு
மூன்றை மிச்சம் வைத்துக் காத்திருப்பார் லாசர்.
பெட்ஃபோர்டிலிருந்து மூன்று தடவை ஆள் வந்தாயிற்று,
எங்கள் பிள்ளை படம் என்னாச்சு என்று.
இன்னும் யாரும் சாகவில்லை என்று எப்படிச் சொல்வது?
தண்ணீர் சில்லிட்டுக் கிடக்கிறது, கழுவ நேரமாகும் என்பேன்.
அதுவும் பொய்யில்லை.
குன்னூர்க் குளிரில் டெவலப்பர் புட்டியை
வெந்நீர் அண்டாவில் உட்காரவைத்து
பச்சைப்பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் குளியலறைதான் இருட்டறை.
ஜன்னலுக்குக் கம்பளி, கதவிடுக்குக்குப் பழைய பாவாடை,
சிவப்பு பல்பு, குழாயடியில் மூன்று தட்டு.
நாலாம் நாள் எழுந்தவன் பெயர் அவருக்கு.
எழுப்புகிற வேலை எனக்கு.

சென்னையில் 'கைவிலங்கு' வார இதழ்.
சேரன் பஸ் கண்டக்டரிடம் கவரைக் கொடுத்தால்
கோயம்புத்தூர், அங்கிருந்து ராத்திரி ரயில்.
முகம் தெரிந்தால் ஐம்பது. தெரியாவிட்டால் இருபது.
பக்கத்தில் போலீஸ் நின்றால் ஐந்து கூட.
படத்தடியில் 'நமது புகைப்படக்காரர்' என்றிருக்கும்;
ஆபீஸ் வாசலில் போய் நின்றால் யாரென்று கேட்பார்கள்.
நாற்பதுக்குள் செத்தவள் எவளானாலும் 'அழகி'.
தாண்டினால் வெறும் 'பெண் பிணம்'.

கெட்டவர் இல்லை.
ஈரப்புல்லிலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் எடுப்பார்.
யாஷிகா, மேலிருந்து குனிந்து பார்க்கிற கேமரா.
தூரத்துக்கு, தலைகுனிந்து நிற்பதுபோல் இருக்கும்.
ஒரு ஏட்டு அதைப் பார்த்துத் தானும் தொப்பியைக் கழற்றினாராம்.

பிப்ரவரி. லாம்ஸ் ராக் பாதைக்குக் கீழே, தேயிலைச் சரிவு.
பத்தாம் கட்டம், பதினொன்று, பன்னிரண்டு.

தட்டில் கறுப்புதான் முதலில் வரும்.
கூந்தல், பாறையின் நிழல், ஏட்டின் பூட்ஸ்.
முகம் வெளிச்சம். அது கடைசியில்தான்.
அதற்கு முன்னால் ஸ்வெட்டர் வந்தது.
இடது மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே
ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தது.

நான் விட்ட கண்ணி.
ரேடியோ நாடகத்தில் கவனம் போய்,
பிரித்துப் பின்னச் சோம்பல்பட்டு,
'உள்ளே மடித்துப் போட்டுக்கோ' என்று கொடுத்தேன்.
ஃபேக்டரியில் தூள் சலிக்கிற தவமணி.
பன்னிரண்டு பேசி ஏழு தந்திருந்தாள்.

முகம் வரக் காத்திருக்கவில்லை.
தாளைக் கிழித்து அடுத்ததை வைத்தேன்.
ஒளி இறங்கும்போது அவளுக்கும் விளக்குக்கும் நடுவே
உள்ளங்கையை நீட்டினேன்.
கை ஆடிக்கொண்டே இருக்க வேண்டும்,
நின்றால் விளிம்பு காட்டிக்கொடுத்துவிடும்.
கல்யாணப் பெண்களை வெளுப்பாக்க
அவரே சொல்லித்தந்த வித்தை.
எட்டு எண்ணினேன். மூன்றுக்கும் அப்படியே.
சரிவு எழுந்தது, ஏட்டு எழுந்தார், ஸ்வெட்டர் எழுந்தது,
கழுத்துக்கு மேல் வெள்ளையாக ஒரு மூட்டம்.

ஈரம் சொட்டத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார் லாசர்.
அப்புறம் என் கையைப் பார்த்தார்.
'அன்னிக்குப் பனி இல்லியே' என்றார்.
நெகட்டிவ் கயிற்றில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.
இன்னொரு பிரதி போட அவருக்குத் தெரியாதா?
கவரை எச்சில் தொட்டு ஒட்டினார்.
இருபது வீதம் வந்தது. ஏட்டுக்கு ஐந்து.

பஸ் ஸ்டாண்டு கடையில் கிளிப் போட்டுத் தொங்கியது:
'மூடுபனி மறைத்த அழகி! கொலையா? தற்கொலையா?'
நின்று வாசித்தார்கள்,
கேரட் மூட்டை ஏற்றுகிறவர்கள், டாக்ஸி டிரைவர்கள்,
வேலைக்குப் போகிற வழியில் தூள் சலிக்கிற பெண்கள் நாலு பேர்.
அது சுள்ளென்று வெயிலடித்த நாள்.
ஊரே கம்பளியைக் காயப்போட்டிருந்தது.
ஒருவரும் சொல்லவில்லை.

அந்த வாரமே பெட்ஃபோர்டுக்காரர்கள் வந்தார்கள்.
ஒன்பதையும் மேஜையில் பரப்பிப் பார்த்துவிட்டு
ஒன்றில் பிள்ளை கண்ணை மூடியிருக்கிறது என்று
ஒரு ரூபாய் குறைத்துக்கொண்டார்கள்.